பாதியாக வற்றும் வரை

ஜூன் 2
மலைமேல் நீரளவு நிலையம்

வாலு,

இந்தக் கடிதத்தை நீ பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று, வாரம் ஒருமுறை இங்கே வந்து போகும் ஜீப்காரரிடம் கேட்டேன். "அவங்க பிரிக்கலைன்னா வாசல்ல நின்னு நானே சத்தமா படிச்சுட்டு வர்றேன்" என்றார். செய்யக்கூடிய ஆள்தான். தெருவே கேட்கும். அதனால் மரியாதையாக நீயே படித்துவிடு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரர் கட்டிய கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாததும், உன் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கை கழுவியதும், நீ வாசல் வரை வந்து, அவர் வேலையைப் பற்றிப் பேசுவதென்றால் இனி இந்தப் படி ஏறாதே என்றதும் எனக்கு மறக்கவில்லை. போனிலும் என் எண்ணை அடைத்துவிட்டாய். இங்கே சிக்னலே கிடையாது என்பதால் அதை நான் பெரிய தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே இரண்டு அறை. ஒன்றில் நான், இன்னொன்றில் பாட்டில்கள். என்னைவிட அவற்றுக்குத்தான் இடம் அதிகம். காலையில் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மிச்சமிருக்கும் ஓடைகளில் இறங்கித் தண்ணீர் பிடிக்கிறேன். மிச்சமிருக்கும் என்று எழுதியது கைதவறி வந்தது, விட்டுவிடு. மழை தொடங்கிவிட்டது. போன வாரம்தான் கீழே சோளக் காடு முழுக்க யூரியா தூவி முடித்தார்கள்.

உருண்டை எப்படி இருக்கிறாள்? மூன்று மாதம் முடிந்திருக்கும். காய்ச்சலில் உனக்குப் பால் வற்றியதிலிருந்து அவளுக்குப் புட்டிப்பால்தான் என்று தெரியும். அவளுக்குப் பால் கரைக்கிற தண்ணீரில் மட்டும் கொஞ்சம் கவனமாக இரு. அதற்கு மேல் எழுதினால் மேலே கொடுத்த வாக்கு போய்விடும்.

உன் அக்கா

~

ஜூன் 9

பாட்டில்காரி அக்காவுக்கு,

பிரித்துவிட்டேன். ஜீப்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றார், வேறு வழியில்லை. இந்தப் பதிலை நான் எழுதுவது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொள்வார், அதுதான் தாங்க முடியாது.

கால்வாயைப் பற்றிய உன் அறிக்கை மேலிடத்துக்குப் போனதிலிருந்து அவரைத் தினமும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார்கள். இத்தனை வருடமாக மலைத் தண்ணீர் ஓடை ஓடையாகச் சுற்றி, ஊர் வந்து சேர நாள் கணக்கானது. கோடையில் குடத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேர் நின்றார்கள். அவர் ஓடைகளை ஒன்றாகச் சேர்த்து, சிமெண்டு போட்டு, ஒரே கால்வாயாக விட்டார். இப்போது காலையில் மலையில் பெய்தால் சாயங்காலம் இங்கே குழாயில் வருகிறது. ஊரே அவரைக் கொண்டாடுகிறது. அவர் மனைவியின் சொந்த அக்கா மட்டும் குற்றம் கண்டுபிடிக்கிறாள்.

சரி, நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

தண்ணீரில் கவனம் என்று எழுதியிருந்தாய். நான் என்ன பாப்பாவுக்குக் குட்டைத் தண்ணீரா கொடுக்கிறேன்? கோபம்தான் வந்தது. ஆனால் ராத்திரி படுத்த பிறகு பயம் வந்துவிட்டது. நீ சும்மா எழுதுகிறவள் இல்லை. சின்ன வயதில் மாடிப் படியில் "பார்த்து இறங்கு" என்று நீ சொன்ன அன்றைக்குத்தான் நான் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டேன். அதனால் மறுநாளிலிருந்து பெரிய பாத்திரம் நிறையக் குழாய்த் தண்ணீர் பிடித்து, அது பாதியாக வற்றும் வரை கொதிக்க விடுகிறேன். ஒரு கிருமி தப்பாது. கேஸ்காரன்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

எதிர் வீட்டுத் தையல்காரப் பெண்ணுக்கும் குழந்தை பிறந்திருக்கிறது. பத்து நாள் கூட ஆகவில்லை. தாய்ப்பால் போதவில்லை, அவளுக்குக் கூடமாட ஆளும் இல்லை. அந்தக் குழந்தைக்கும் சேர்த்தே கொதிக்க வைத்து, தினமும் காலையில் ஒரு ஃபிளாஸ்க் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உன் புண்ணியத்தில் ஒன்றுக்கு இரண்டு குழந்தை பிழைக்கட்டும்.

உருண்டை இன்னும் உருண்டையாகத்தான் இருக்கிறாள். இரண்டு நாளாகக் கொஞ்சம் சோம்பல், அவ்வளவுதான்.

வாலு

~

ஜூன் 9, இரவு

வாலு,

கால்வாய் பற்றிப் பேச மாட்டேன் என்ற வாக்கை இந்தக் கடிதத்தில் மீறுகிறேன்.

ஜீப்காரர் இன்றிரவு இங்கே தங்குகிறார், விடிந்ததும் இறங்குவார். உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ திட்டுவாய் என்று பயந்து, போன தடவை பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கினேன். நீ அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாய்.

கொதிக்க வைப்பதை இன்றோடு நிறுத்து. நான் பயப்படுவது கிருமிக்கு இல்லை. தண்ணீரில் கரைந்து வருகிற நைட்ரேட்டுக்கு. யூரியாவிலிருந்து வருவது. பார்க்கத் தெரியாது, நாற்றம் கிடையாது. வடிகட்டும் நிலையத்தில் மண்ணை எடுப்பார்கள், கிருமியைக் கொல்வார்கள். இது தண்ணீரில் கரைந்த சர்க்கரை மாதிரி அதையெல்லாம் தாண்டி வந்துவிடும். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் பாத்திரத்திலேயே நிற்கும். பாதியாக வற்ற விட்டால் இரண்டு மடங்கு. பாகு காய்ச்சுவதுபோல் நீ அதைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறாய்.

நமக்கு இது பெரிதாக ஒன்றும் செய்யாது. மூன்று மாதக் குழந்தையின் வயிற்றில் அது வேறொன்றாக மாறி, ரத்தத்தைக் கெடுத்துவிடும். மூச்சு உள்ளே போகும், ஆனால் ரத்தம் அதைத் தூக்கிக்கொண்டு போகாது. முதலில் சோர்வு வரும். பிறகு உதடும் நகமும் சாம்பல் நிறமாகும், அப்புறம் நீலம். நீ எழுதிய சோம்பல் என்ற வார்த்தையை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

இது ஏன் முன்பெல்லாம் இல்லை என்று நீ கேட்பாய். அதனால்தான் அன்றைக்கு மேசையில் வாயைத் திறந்தேன். சின்ன ஓடையில் தண்ணீர் கணுக்கால் ஆழம். ஒவ்வொரு சொட்டும் கூழாங்கல்லிலும் சேற்றிலும் மக்கிய இலையிலும் உரசி உரசித்தான் போக வேண்டும். அந்தச் சேற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைப் பிடித்துத் தின்று, காற்றாக்கி மேலே விட்டுவிடும். மிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். கடைத்தெருவில் நடந்து போகிறவளை ஒவ்வொரு கடைக்காரனும் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி. வீடு போய்ச் சேரும்போது பையில் பணம் இருக்காது. அகலமாகவும் ஆழமாகவும் ஓடுகிற தண்ணீர் பஸ்ஸில் போகிறவள் மாதிரி. அடியில் ஓடுகிற கொஞ்சம் தண்ணீர்தான் தரையைத் தொடும், மற்றதெல்லாம் எதையும் தொடாமல் வந்து சேரும். பெரிய ஆறும் தின்னும்தான், ஆனால் அதற்கு நிறைய தூரமும் நேரமும் வேண்டும். உன் வீட்டுக்காரரின் கால்வாயில் சேறும் இல்லை, நேரமும் இல்லை. காலையில் காட்டில் கரைந்தது சாயங்காலம் உன் குழாயில் என்று நீயே பெருமையாக எழுதியிருக்கிறாய்.

இங்கே நான் வைத்திருக்கும் காகிதப் பட்டையைத் தண்ணீரில் முக்கினால் நைட்ரேட்டுக்குத் தகுந்தபடி இளஞ்சிவப்பாகும். மேலே, ஓடை ஓடையாக இருக்கும் இடத்தில் நிறமே வரவில்லை. கால்வாயில் இன்று முக்கியது ரத்தச் சிவப்பு.

கடையில் மூடி போட்ட தண்ணீர் வாங்கு. அதில்தான் பால் கரைக்க வேண்டும். பாப்பாவின் நகத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார். தையல்காரப் பெண்ணிடம் இப்போதே போய் ஃபிளாஸ்க்கைத் திரும்ப வாங்கு. அப்புறம் ஆயிரம் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா

~

ஜூன் 16

அக்கா,

உன் கடிதம் கைக்கு வந்தது. கால்வாய் என்ற முதல் வரியைப் படித்ததும் மடித்து அலமாரிக்குள் போட்டுவிட்டேன். என்னால் முடியவில்லை. அன்றைக்குத்தான் அவர் அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் உன் வாதத்தை நான் படிக்க வேண்டுமா? கோபம் தீர்ந்ததும் படிப்பேன். இப்போது அதற்காக எழுதவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்ல வேறு யாரும் இல்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

பாப்பா சரியாக இல்லை. அழ ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுகிறாள், அழுவதற்கே அலுப்பு மாதிரி. பால் குடிக்கும்போது நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்குகிறாள். உதட்டைச் சுற்றி ஸ்லேட்டுப் பலகையைத் துடைத்த மாதிரி ஒரு நிறம். முதலில் ஜன்னல் வெளிச்சம் என்று நினைத்தேன். ஜன்னலை விட்டு நகர்த்திப் பார்த்தேன், நிறமும் கூடவே வந்தது. தெரு முனை டாக்டர் குளிர்தான் என்றார், சுற்றி வைத்துக் கதகதப்பாகப் படுக்க வைக்கச் சொன்னார். இரண்டு கம்பளி போட்டேன். உடம்பு சூடாகத்தான் இருக்கிறது, நிறம் மட்டும் மாறவில்லை.

எங்கேயோ ஒரு கிருமி தப்பித்துவிட்டது என்று தோன்றுகிறது. அதனால் இப்போது பாதியோடு விடுவதில்லை. பாத்திரத்தின் அடியில் கால் பாகம் நிற்கும் வரை கொதிக்க விடுகிறேன். சமையலறைச் சுவரெல்லாம் வேர்த்துப் போயிருக்கிறது. அடிக்கடி தாகம் போல வாயைத் திறக்கிறாள், அந்தத் தண்ணீரையே வெறுமனேயும் ஒரு கரண்டி கொடுக்கிறேன்.

தையல்காரப் பெண்ணின் குழந்தையை நான் பார்க்கவில்லை. ஃபிளாஸ்க்கை வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன். பாப்பாவுக்கு இருப்பது ஒட்டுவாரொட்டியாக இருந்தால் அந்தப் பச்சைக் குழந்தைக்கு வந்துவிடக் கூடாது. அவள் வாசலில் பெயிண்ட் டப்பாவில் ஒரு செடி வைத்திருக்கிறாள். ஒரு மாதம் முன்னால் குச்சி மாதிரி இருந்தது, இப்போது இலை இலையாகக் கதவையே மறைக்கிறது. அந்த வீட்டிலாவது ஏதோ நன்றாக வளர்கிறது.

நீ பெரிய ஆஸ்பத்திரியில் யாரையாவது தெரியும் என்பாயே. எழுது.

வாலு

~

ஜூன் 16

கொதிக்க வைக்காதே.

அலமாரியில் இருக்கும் கடிதத்தை இரண்டாம் வரியிலிருந்து படி. இல்லை, அதையும் படிக்காதே. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டரிடம் தண்ணீரில் நைட்ரேட் என்று சொல். இந்த ஒரு வார்த்தை போதும், அவர்களுக்குப் புரியும். வெறும் தண்ணீர்கூட ஒரு சொட்டு கொடுக்காதே.

ஜீப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் எழுத்து இப்படி ஆடுகிறது. நீ கால் பாகம் என்று எழுதிய இடத்தைப் படித்ததுமே ஜீப்பில் ஏறிவிட்டேன். ஜீப்காரர் வண்டியைத் திருப்பிவிட்டார். மேட்டு வளைவில் சிக்னல் வரும். அங்கே நான் இறங்கிக்கொள்வேன், வண்டி கடிதத்தோடு கீழே வரும். போனோ கடிதமோ, எது முதலில் வந்தாலும் சரி.

வளைவுக்கு வந்துவிட்டோம். உனக்குப் போட்டேன், போகவில்லை. நீ அடைத்த எண் அடைத்தபடியே இருக்கிறது, வாலு.

உன் வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறேன். அடித்து ஓய்ந்துவிட்டது. திரும்பப் போடுகிறேன். அவர் எடுக்கும் வரை போடுவேன். என் பெயரைப் பார்த்து அவர் எடுக்காமல் விட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

எதிர் வீட்டுக் குழந்தைக்கு உன் தண்ணீர் போகிறது. அந்தக் குழந்தை உருண்டையைவிடச் சின்னது. மறந்துவிடாதே.

ஜீப்காரர் கையை நீட்டுகிறார். கொடுத்துவிடுகிறேன்.

~

ஜூன் 20

அக்கா,

பாப்பா பிழைத்துவிட்டாள். நீ மேலே வேறு எதையும் படிக்காமல் இதைத்தான் தேடுவாய் என்பதால் முதலில் எழுதிவிட்டேன்.

போன்தான் முதலில் வந்தது. நீ சண்டை போடத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தாராம் அவர். பக்கத்தில் மேலதிகாரி வேறு. விடாமல் அடித்துக்கொண்டே இருந்ததால், ஒரு வார்த்தை திட்டிவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் எடுத்திருக்கிறார். நீ என்ன சொன்னாயோ தெரியாது. அவர் வீட்டுக்குள் ஓடி வந்தபோது நான் கரண்டியில் தண்ணீரை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தட்டிவிட்டார், அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் துணிகூட இல்லாமல் தூக்கித் தொட்டியில் கொட்டினார். அவர் உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். அது சிவப்பாக இல்லை அக்கா. டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. நர்சு அந்தக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் தண்ணீரில் நைட்ரேட் என்று சொன்னார். அது மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் இதயத்தில் ஏதோ கோளாறு என்று வேறு ஊருக்கு அனுப்பியிருப்பார்கள், வழியிலேயே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். பிறகு மருந்து ஏற்றினார்கள். அதுவும் நீல நிறம். நீலம் பாரித்துக் கிடக்கிற குழந்தைக்குள் இன்னும் நீலத்தை ஏற்றுகிறார்களே என்று நான் கத்திவிட்டேன். அதுதான் மருந்தாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதட்டில் சிவப்பு வந்தது. முதலில் நடு உதடு, பிறகு ஓரம். அப்புறம் ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதாள். நான் அவளோடு சேர்ந்து அழுதேன்.

இன்று காலையில்தான் வீட்டுக்கு வந்தோம். ஜீப்காரர் கதவுக்கு அடியில் தள்ளியிருந்த கடிதத்தை எடுத்துப் படித்தேன். கடைசியில் எதிர் வீடு என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் என் உயிர் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நேரமும் அந்தக் குழந்தை என் நினைவிலேயே இல்லை. கால் பாகமாக வற்ற வைத்ததும் அதே ஃபிளாஸ்க்கில்தான் போயிருக்கிறது.

தெருவைக் கடக்க என் கால் வரவில்லை. பத்தடி அகலத் தெரு. அந்த வீட்டில் தையல் மெஷின் சத்தம் இல்லை. கதவு சாத்தியிருந்தது. குழந்தை அழுகிற சத்தமும் இல்லை. நம் பாப்பாவும் அழாமல்தான் கிடந்தாள். கதவைத் தட்டிவிட்டு, யாரும் திறக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். திறந்தால் எனக்குத் தெரிந்துவிடுமே.

அவள்தான் திறந்தாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் அதன் கையைப் பிடித்து விரலை விரித்து நகத்தைப் பார்த்தேன். ரோஜா நிறம். இன்னொரு கையையும் பார்த்தேன். காலையும் பார்த்தேன். அவள் பயந்துபோய் என்னக்கா என்றாள். நான் கொடுத்த தண்ணீரை என்ன செய்தாய் என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க குடுக்க ஆரம்பிச்ச மறுநாளே எனக்குப் பால் ஊறிடுச்சு. வேண்டாம்னு சொன்னா உங்க மனசு கஷ்டப்படும். பாவம், அவ்ளோ நேரம் கொதிக்க வெச்சுக் குடுக்கிறீங்க. கீழ கொட்டவும் மனசு வரல. ஆற வெச்சு, தினமும் அந்தச் செடிக்குத்தான் ஊத்தினேன்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெயிண்ட் டப்பா என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

என் வீட்டுக்காரர் இப்போது தெருவில் போகிறார். கையில் கட்டோடு, ஒலிபெருக்கி வைத்த வண்டியில். குழந்தைகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்காதீர்கள், கொதிக்க வைத்தும் கொடுக்காதீர்கள் என்று அவரே சொல்கிறார். வேறு யாராவது சொல்லட்டும் என்று மேலிடத்தில் சொன்னார்களாம். கால்வாய் நான் கட்டியது, நானே சொல்கிறேன் என்றாராம். சிலர் வாசலுக்கு வந்து சிரிக்கிறார்கள். கொதிக்க வைக்காதே என்று யாராவது சொல்வார்களா என்று. எத்தனை வீட்டில் புட்டிப்பால் குடிக்கிற குழந்தை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ராத்திரி தூங்குவதே இல்லை. பழைய ஓடைகளுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட மதகு திறக்க முடியுமா, எது எங்கே ஓடியது என்று உன்னிடம் கேட்க வேண்டும் என்றார். என்னைக் கேட்கச் சொன்னார். நீங்களே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். கடைத் தண்ணீர்தான் வாங்குகிறோம். ஆனாலும் ஒவ்வொரு தடவை பால் கரைக்கும்போதும் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். பார்த்தால் தெரியாது என்று நீதான் எழுதியிருக்கிறாய். இருந்தும் பார்க்கிறேன். நீ அந்தக் காகிதப் பட்டைகளை எடுத்துக்கொண்டு வந்து சேர். கடிதம் போதாது, நீ பக்கத்தில் இருந்தால்தான் என்னால் அவளுக்குப் பால் கரைக்க முடியும்.

தையல்காரப் பெண் அந்தச் செடியை நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், உங்கள் தண்ணீரில் வளர்ந்ததுதானே, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று. யூரியா போட்ட சோளம் மாதிரி கரும்பச்சை அக்கா. ஒவ்வொரு இலையும் என் உள்ளங்கையைவிடப் பெரிது. அந்தச் செடிக்குள் போன அளவு நான் பாப்பாவுக்கும் ஊட்டியிருக்கிறேன்.

வாலு